கப்பல் பொம்மையும் சாம்பிராணிப் பாயும்

துறைமுகத்துக்கு வரும் கப்பலை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும், அப்படியே சின்னதாக மரத்தில் இறக்கிவிடுவேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அளவுகோல் என் கண்.

சுதந்திரம் வந்த புதிதில், ஒரு கப்பல் கம்பெனி துரை கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு கப்பல் கேட்டார். எனக்கு முதல் பெரிய ஆர்டர். சனிக்கிழமை கொடுக்க வேண்டும், பிசிறு தெரிந்தால் வாங்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ராயபுரம் கடற்கரைப் பக்கம் என் பட்டறை. பழைய சினிமா பிலிமைக் கழுவி அசிட்டோனில் போட்டால் கஞ்சியாகக் கரையும். ஏணி, கைப்பிடி எல்லாம் அதில்தான் ஒட்டுவேன். அந்தப் பக்கத்தில் இந்தப் பசையைக் கண்டுபிடித்தவனே நான்தான். சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் பட்டறையில் பீடி கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காற்று மணலை வாரி அடித்தது. கப்பலின் மேல்தளத்தில் பெயிண்டு ஈரம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் கூட வேலைசெய்த மச்சான் சும்மாவே சிரித்தான். நானும் சிரித்தேன். அசிட்டோன் ஆவி தலைக்கேறியது தெரியாமல், வேலை நன்றாக வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது வெள்ளிதோறும் கடைகடையாகப் புகை போடும் சாம்பிராணிப் பாய் கதவைத் தட்டினார். பீடியைத் தடுத்த எனக்கு, பாய் கையிலிருப்பதும் நெருப்புதான் என்று அதுவரை தோன்றியதில்லை. மச்சான் தள்ளாடிப் போய்த் திறந்தான்.

“வா பாய், கப்பலுக்கு நல்லா காட்டு!”

தணல் கண்ணில் பட்டதும் எனக்குத் தலை தெளிந்துவிட்டது. “உள்ள வராத பாய்! வந்தா மூணு பேரும் காலி!”

“வெள்ளிக்கெயம அதுவுமா சாம்பிராணிய தொரத்துறியே, இன்னா நைனா ஆச்சு ஒனக்கு?” என்று பாய் கோபமாகத் தெருவில் இறங்கினார். சட்டியிலிருந்து பறந்த பொறி, வாசலில் கிடந்த பசைத் துணியில் விழுந்தது. புஸ்ஸென்று இடுப்புயரத் தீ.

“நைனா, உள்ள கப்பல் செய்றியா, குண்டு செய்றியா?” என்றார் பாய்.

தெரு மணலை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தேன். பிறகு, மணல் வந்தால் வரட்டும் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஆவி போனது, மேல்தளம் முழுக்க மணல் ஒட்டியது. மறுபடி அடிக்க நேரமில்லை. மறுநாள் அப்படியே கொண்டுபோய் வைத்தேன். துரை தளத்தை விரலால் தடவினார்.

“நிஜக் கப்பலில் கால் வழுக்காமல் இருக்க பெயிண்டில் மணல் கலப்போம். அதைக்கூட விடவில்லையே!” என்றார்.

“பின்ன, நான் செஞ்சதாச்சே துரை” என்றேன்.

இன்னும் இரண்டு கப்பல் கேட்டார். இரண்டையும் ஜன்னலைத் திறந்துவைத்தே செய்தேன். வெள்ளிக்கிழமைகளில், காய்ந்த கப்பலைத் தெருவுக்குத் தூக்கிவந்து பாயிடம் புகை வாங்கிக்கொண்டோம்.