தெமோதரையில் வெறும் வயிறு

திங்கட்கிழமை. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதையில் நூற்றெண்பத்தொரு மைல். பகல் முழுவதும் ரயிலில்தான். என் பொறுப்பில் இருந்தவை: விரல் குத்தும் ஊசிகள், இரத்தச் சீனி பார்க்கும் தாள்துண்டுகள், ஸ்பிரிட், பஞ்சு, பிரஷர் பார்க்கும் கருவி. ராசமணியின் பொறுப்பில் இருந்தது ஒன்றே ஒன்று. இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் ஈ.சி.ஜி. இயந்திரம். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் நடைபாதைப் பக்கம்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் ஆய்வுகூடப் பயிற்சி முடித்தவர்கள். அவள் பதுளைப் பக்கம் லுணுகலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நான் யாழ்ப்பாணம். எங்களை அழைத்து வந்த டொக்டர் அம்மாவும் யாழ்ப்பாணத்தவர்தான். அவருடைய ஆராய்ச்சி இதுதான்: பத்து ஆண்டுகளுக்கு முன் கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியவர்கள், வலிப்பு வந்தவர்கள், சீனி கண்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப்போய்ப் பார்ப்பது.

"பிள்ளை பிறந்த உடனை பிரஷர் இறங்கிச்சு, வீட்டை போ எண்டு விட்டிட்டம்" என்றார் டொக்டர். "அதுக்குப் பிறகு அவையின்ரை இதயத்துக்கு என்ன நடந்தது எண்டு ஆர் பாத்தது?"

கண்டி தாண்டியபின் இன்னொன்றும் சொன்னார். இதயப் பிரிவில் ஓராண்டுப் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது. எங்களில் ஒருவரை அனுப்பலாம். யார் என்பதைத் திரும்பும்போது சொல்வார். நான் பஞ்சுப் பொட்டலங்களைச் சரிபார்த்தேன். ராசமணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானுஓயாவில் ஏறிய பதுளை முஸ்லிம் வியாபாரி ஒருவர், வெலிமடை உருளைக்கிழங்கு வாங்கி விற்பவர், எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அது ரேடியோவா?"

"இல்ல நானா, நெஞ்சு அடிக்கிறத எழுதுற மெஷின்" என்றாள் ராசமணி.

"என் பொஞ்சாதி நெஞ்சுல என்ன இருக்குன்னு எழுதுமா? பதினாறு வருஷமாத் தேடுறேன்."

பெட்டி முழுவதும் சிரித்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "மிஸ், இந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறீங்களா?" என்றார். அவள் தங்கச்சி, நான் மிஸ். பயணம் எப்படிப் போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தெமோதரை நிலையத்தில் இறங்கினோம். எங்களை இறக்கிவிட்ட ரயில் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று நேரத்தில் நாங்கள் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போனது. காங்கேசன்துறை வரை கோடு கிழித்ததுபோல் ஓடும் பாதையில் வளர்ந்த எனக்கு அது கண்கட்டு வித்தையாக இருந்தது. ராசமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அது பழகிய காட்சி. அதிலும் எனக்குப் பொறாமைதான்.

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. தோட்டத்து மருந்துச்சாலை. பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் அணிவகுப்புக்கு, போவதற்கு முன் வந்துவிடும்படி பெண்களுக்கு முதல் நாள் இரவே சொல்லியிருந்தோம். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதையும் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள்தோறும் போய்ச் சொல்லியிருந்தோம். வந்தார்கள். ஆனால் எல்லோரும் ராசமணியின் அறை வாசலில் நின்றார்கள். அங்கே அவள் ஜன்னலுக்குச் சேலை கட்டி மறைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அழைத்தாள். படுக்க வைத்து, படம் எடுத்து, அந்த நீளத் தாளைக் காட்டினாள்.

"இதுதான் என் நெஞ்சா தங்கச்சி? கோணல்மாணலா இருக்கே!"

"எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா. நேரா இருந்தாத்தான் பயம்."

என் மேசைக்கு ஒவ்வொருவரையும் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. "ஊசி நோனாகிட்ட நீ மொதல்ல போ" என்று ஒருத்தி மற்றவள் முதுகில் கை வைப்பாள். வெளியிலிருந்து வரும் சீமாட்டிக்கு இங்கே நோனா என்று பெயர்.

ஆனால் மதியத்துக்குள் என் பக்கம் அதிர்ஷ்டம் திரும்பியது. வந்தவர்களில் பெரும்பாலானோரின் தாள்துண்டு, இருக்கவேண்டியதைவிட ஒரு படி கூடுதலான நீலமாக மாறியிருந்தது. வெறும் வயிற்றில் இவ்வளவு சீனியா? டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"கௌரி, இவ்வளவு பேருக்கு இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை."

ராசமணியின் சுருள்களில் அன்று பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைய சோறு எனக்கு மிக ருசியாக இருந்தது.

புதன்கிழமை விடியற்காலை. முதல் நாள் வராத ஒருத்தியைக் கூட்டிவரப் போனேன். பெயர் மாரியாயி. முதல் பிரசவத்தில் வலிப்பு வந்து பிள்ளையை இழந்தவள். இரண்டாவதில் சீனி கண்டவள். இந்த ஆராய்ச்சிக்கு அவளைவிட முக்கியமானவர் அந்தத் தோட்டத்தில் இல்லை. மேல் லயத்துக்கு ஒரு மைல் ஏற்றம். வழியில் பல அறைகளில் பூட்டுத் தொங்கியது. எங்கள் பட்டியலில் இருந்த சிலர் அந்த அறைகளில் இருந்தவர்கள்தான்.

"எல்லாரும் ஒப்பந்தப்படி இந்தியா போயிட்டாங்க" என்றாள் மாரியாயி, வாசலில் நின்றபடி. "வாங்க நோனா, உள்ள வாங்க. வெறும் வயித்தோடதான் இருக்கேன், சத்தியமா."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த கருப்பட்டித் துண்டைக் கடித்து, குவளையிலிருந்து ஒரு வாய் குடித்தாள். எனக்கும் ஒரு குவளை தந்து, உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வைத்தாள்.

"இது என்ன?"

"இதுவா? சாயத்தண்ணி."

"வெறும் வயிறு எண்டு சொன்னீங்களே?"

"ஆமாங்க. இன்னும் ரொட்டி திங்கலியே. சாயத்தண்ணி குடிக்காம எப்படிங்க கண்ணு தொறக்கும்?"

பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, ஊசி நோனாவுக்குச் சாயத்தண்ணியும் சோறும் ஒண்ணாம்டி!" லயம் முழுவதும் சிரிப்பு பரவியது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குவளை இருந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு இனிப்பு. கடையில் சீனி கிடைக்காத காலம் என்பதால் தேநீரில் கரைப்பதில்லை. கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். நேற்று என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது வெறும் வயிறுதான்.

கீழே வந்து ராசமணியிடம் கேட்டேன்: "நேற்று இவை எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தது உமக்குத் தெரியுமா?"

"சாயத்தண்ணியா? நானும்தான் குடிச்சேன். அது என்ன சாப்பாடா?" என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, கௌரி!"

அந்த நொடி எனக்கு வந்தது மகிழ்ச்சி என்பதை மறைக்கப் போவதில்லை. இங்கே பிறந்தவள் காணாததை நான் கண்டேன். டொக்டரின் அறை வாசல்வரை அந்த மகிழ்ச்சி கூட வந்தது. உள்ளே போனபின்தான் நான் கண்டுபிடித்தது என் சொந்த வெற்றியை அழிக்கும் செய்தி என்பது முழுதாக உறைத்தது. டொக்டர் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமைச் சீனி முடிவுகளின் குறுக்கே ஒரு கோடு போட்டார். திட்டவில்லை. பாராட்டவுமில்லை.

"இனி என்ன செய்யப்போறீர்?"

குடிக்காதே என்று சொல்லிப் பயனில்லை. அதனால் குவளையை இடம் மாற்றினேன். வியாழக்கிழமை காலை மருந்துச்சாலை விறாந்தையில் பெரிய கேத்தலில் தேநீர் கொதித்தது. டொக்டர் பதுளைக் கடைவீதியில் தேடி வாங்கி அனுப்பிய சீனி பக்கத்தில் இருந்தது. ஊசி குத்திய விரலைக் காட்டினால் ஒரு குவளை. முதல் நாள் மாலை ராசமணியே லயம் லயமாகப் போய், "நாளைக்கு அடுப்பு மூட்டாதீங்க அக்கா, சாயத்தண்ணி நாங்க தர்றோம், சீனி போட்டு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் சொன்னால் கேட்டார்கள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அன்று என் வரிசை விறாந்தையைத் தாண்டி முற்றம்வரை நீண்டது. ராசமணி சேலை மறைவிலிருந்து தலையை நீட்டினாள்.

"என்னடி, என் ஆளுங்களையெல்லாம் இழுத்துட்டியே!"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை அப்படி.

தாள்களின் நீலம் ஒவ்வொன்றாக வெளிறியது. மாரியாயியின் தாள் மட்டும் வெளிறவில்லை. பிரஷரும் ஏறியிருந்தது. ராசமணி எடுத்த படத்தில் இதயத்தின் இடப்பக்கம் சிரமப்பட்டு உழைக்கும் அடையாளம் தெரிந்தது. டொக்டர் என் முடிவையும் அவள் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் தேடி வந்தது இதைத்தான்.

"மலை ஏறையிலே மூச்சு வாங்கும். கொழுந்துக் கூடை கனம்னு நெனச்சேன்" என்றாள் மாரியாயி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேந்து என்னய மாட்டி வுட்டுட்டீங்க. அடுத்த வருசமும் வரணும், ஆமா. நான் இருக்கேனான்னு பாக்க."

வெள்ளிக்கிழமை காலை. மாரியாயியின் விவரத்தை ஆஸ்பத்திரியில் கொடுக்க முதல் நாள் மாலையே பதுளைக்குப் போயிருந்தோம். பதுளையிலிருந்து ரயில் புறப்பட்டதும் டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராசமணி, இதயப் பிரிவுக்கு உம்மைத்தான் அனுப்ப யோசிக்கிறன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இந்த முறை ஜன்னலோரம் எனக்குக் கிடைத்திருந்தது. அதில் ஒரு பயனும் இல்லை.

ராசமணி மடியிலிருந்த இயந்திரத்தின் வாரை இறுக்கினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "டாக்டரம்மா, வீட்டுக்கு இந்தியா பாஸ்போட்டு வந்திருச்சு. என் பேரும் அதுல இருக்கு. அம்மாவைத் தனியா அனுப்ப முடியாது. தைக்கு முன்னாடி போயிருவோம்."

அவள் இந்த வாரம் முழுவதும் சிரித்தது இதை வைத்துக்கொண்டுதான். முதல் நாள் இரவு லயங்களுக்குச் சேர்ந்து போனபோது பூட்டிய அறைகளின் பக்கம் அவள் ஏன் பார்க்கவில்லை என்பதும் புரிந்தது.

ரயில் நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்தது. பெட்டி இருண்டது. வெளிச்சம் வந்து, வளைந்து ஏறி, தெமோதரை மேடையில் நின்றபோது, "கௌரி, அப்ப நீர் போறீரா?" என்று டொக்டர் கேட்டார்.

"போறன்" என்றேன். விரும்பிய இடம் கிடைத்துவிட்டது, அவள் விட்டுவிட்ட மிச்சமாக.

ராசமணி இயந்திரத்தைத் தன் மடியிலிருந்து தூக்கி என் மடியில் வைத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"மெஷினப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல பழகிரும். பேரச் சொல்லிக் கூப்பிடு. கை சில்லுன்னு இருந்தா தேச்சுச் சூடாக்கிட்டுத் தொடு."

அடுத்த ஆண்டு இதே மேடையில் நான் இறங்குவேன். கையைத் தேய்த்துச் சூடாக்குவேன். பெயர் சொல்லி அழைப்பேன். மாரியாயி வந்து படுப்பாள், சேலை மறைவைச் சுற்றிப் பார்ப்பாள், "படம் புடிக்கிற தங்கச்சி எங்கே நோனா?" என்பாள். அவள் இன்னும் கேட்காத அந்தக் கேள்வியின் மேல் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது.