தலைக்கட்டு வரியும் ஒரு கௌங்பௌங்கும்

எங்கள் கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு நடப்பதே தலைக்கட்டு வரியில்தான். பர்மாவில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கோயில். கல்யாணமான ஆண் தலைவனாக உள்ள குடும்பம் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று கமிட்டி தீர்மானிக்கும். பூசை, திருவிழா, வெள்ளையடிப்பு எல்லாம் போக மிஞ்சுவது வகுப்புக்கு வரும். புருஷன் செத்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள், கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள், இவர்கள் வீடுகள் எல்லாம் தலைக்கட்டில் சேர்த்தி இல்லை. அவர்களுக்கு வரியும் கிடையாது, கூட்டத்தில் பேச்சும் கிடையாது. "பாவம், அவங்ககிட்ட போயி எதுக்கு வாங்கணும்" என்று பெரிய மனசோடு சொல்லிவிடுவார்கள்.

நானும் அந்தப் பாவப்பட்டவர்களில் ஒருத்தி. என் வீட்டுக்காரர் தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது, மகன் அடுத்த தெருவில் தனிக்குடித்தனம், அவன் தனித் தலைக்கட்டு. சாயங்காலம் சாயங்காலம் அந்தக் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் பர்மிய மொழியிலேயே வளர்கிற பிள்ளைகள். என்னைச் "சயாமா" என்றுதான் கூப்பிடுவார்கள், பர்மாவில் டீச்சருக்கு அதுதான் பெயர். பழம் என்று எழுதுவார்கள், பயம் என்று வாசிப்பார்கள். வாழைப்பயம் என்று ஒருத்தி சொல்லும்போது நான் திருத்துவதற்கு முன்னால் ஒருமுறை ரசித்துக்கொள்வேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொன்னால் என் மகன் கோபித்துக்கொள்வான். ஆனாலும் உண்மை அதுதான்.

இந்த மழைக்காலத்தில் அதற்கு ஆபத்து வந்தது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. ஜெனரேட்டர் ஓடினால்தான் கூடத்தில் விளக்கு. டீசல் விலையோ ஏறிக்கொண்டே போனது. வரியை உயர்த்தலாமா என்று முடிவு செய்யக் கமிட்டி கூடியது. நான் வாசலோரம் பாயில் உட்கார்ந்திருந்தேன். கூடத்தைப் பெருக்கி, பாய் விரித்து, தேநீரும் சொல்லி வைத்தவள் என்பதால் அங்கே இருக்க எனக்கு அனுமதி உண்டு.

கமிட்டித் தலைவர் லான்மடாவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். அவர் வரியை உயர்த்த வேண்டும் என்று சொல்லி வாய் மூடவில்லை, சண்டை மூண்டது.

"தரைத்தளத்துல கடையும் வீடுமா இருக்கிறவங்க ரெண்டு பங்கு குடுக்கட்டும். லிஃப்ட் இல்லாம ஆறாவது மாடி ஏறி எறங்குறவனுக்கும் அதே வரியா?" என்றார் ஒருவர்.

"மழத் தண்ணி எங்க வாசலுக்குள்ளதான பூருது? அதுக்கு எதாச்சும் கழிச்சுக் குடுப்பீங்களா?" என்றார் தரைத்தளத்துக்காரர்.

வீட்டின் அகலத்தைப் பார்த்து வாங்கலாம் என்றார்கள், மாடியைப் பார்த்து வாங்கலாம் என்றார்கள். தேநீர் ஆறி ஆடை படிந்ததுதான் மிச்சம். கடைசியில் பழைய வரியே இருக்கட்டும், வகுப்பை நிறுத்திவிடலாம் என்று முடிவானது. கூடத்தை வாடகைக்குக் கேட்டு ஒரு வெங்காய வியாபாரி ஏற்கெனவே வந்து போயிருக்கிறாராம். நான் கரும்பலகை மாட்டியிருக்கிற சுவரோரம் வெங்காய மூட்டை! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாயைத் திறந்தேன்.

"டீச்சரம்மா, இது தலைக்கட்டுக்காரங்க கூட்டம்" என்றார் தலைவர், ரொம்ப மென்மையாக. என் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒண்ணு செய்யிங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வகுப்புக்குத் தனியா வரி சேந்துச்சுன்னா பாக்கலாம். அறிவிப்ப நீங்களே போட்டுக்கங்க" என்றார்.

போனில் பர்மிய எழுத்தைத் தட்டுவதில் நான் மந்தம். என் மருமகள் பர்மாக்காரி, விரல் பறக்கும். தமிழை எங்கள் அடுப்படியில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவள். நான் தமிழில் சொல்ல, அவள் பர்மிய மொழியில் மாற்றி, பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்த வகுப்புத் தாய்மாரின் போன் குழுவில் போட்டாள். தலை என்றால் கௌங். கட்டு என்றால் பௌங். இரண்டையும் சேர்த்து 'ஒவ்வொரு வீடும் கௌங்பௌங் வரி தர வேண்டும்' என்று எழுதிவிட்டாள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் பர்மிய ஆண்கள் தலையில் வைத்துக்கொள்கிற பட்டுத் தலைப்பாகை இருக்கிறதே, அதுதான் கௌங்பௌங். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவள் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் வந்தவள் தாகேதாவில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பருப்பு வடை சுட்டு விற்கிறவள். அவளுடைய இரண்டு பெண்களும் என்னிடம் படிக்கிறார்கள். புருஷன் மலேசியாவுக்குப் போனவன், போனதோடு சரி. என் கையில் பணத்தை வைத்துவிட்டு, பையிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு கௌங்பௌங்கை எடுத்துக் காட்டினாள்.

"வரின்னு போட்டிருந்துச்சு சயாமா. பணமா, இதுவான்னு வெளங்கல. ரெண்டையும் கொண்டாந்துட்டேன். அவரு கல்யாணத்துக்கு வச்சது. போறப்ப இத மட்டும் வச்சுட்டுப் போயிட்டாரு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. மருமகள் முகம் சிவந்துபோய், "அமே, நான் இப்பவே திருத்திப் போடுறேன்" என்று போனை எடுத்தாள். அமே என்றால் பர்மிய மொழியில் அம்மா, என்னையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "திருத்தின, இனிமே உனக்கு மீன் கொழம்பு கெடயாது" என்றேன். ஏனென்றால் வாசலில் அதற்குள் இன்னும் நாலைந்து பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்களில் விதவைகள் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி பிள்ளையை வளர்க்கிற அக்கா தங்கை உண்டு. எல்லாம் தலைக்கட்டில் சேராத வீடுகள். அறிவிப்பு தாய்மார் குழுவுக்குப் போனதால் எல்லா வீட்டையும் கேட்டதாக ஆகிவிட்டது. "இத்தன வருஷமா எங்கள யாருமே கேட்டதில்லயே சயாமா" என்றாள் அந்த அக்கா, குறையாகத்தான் சொன்னாள். மத்தியானம் ஆண்களும் வந்தார்கள். வரி என்றால் மாடிக்கணக்குப் பேசுகிறவர்கள், பிள்ளைகளுக்குக் கலைநிகழ்ச்சியில் தலைப்பாகை கட்டப்போகிறார்களாக்கும் என்று நினைத்து முகம் கோணாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். தரைத்தளமும் ஆறாவது மாடியும் ஒரே அளவு. பணம் வகுப்பு டீசலுக்கு என்று சொன்னபோதும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. வந்த பெண்களையும் போக வேண்டாமென்று நிறுத்தி, வாசலோரப் பாயில் உட்கார வைத்திருந்தேன். தலைவர் பணத்தை எண்ணினார். டீசலுக்குப் போதும், சாக்பீஸுக்கும் மிஞ்சும். அவருக்கே சந்தோஷம்தான். யார் யார் கொடுத்தது என்று பார்த்ததும்தான் நெற்றி சுருங்கியது.

"இதுல பாதிக்கு மேல தலைக்கட்டே இல்லாத வீடாச்சே. வரின்னு எப்படி வரவு வைக்கிறது? நன்கொடைன்னு போட்டுக்குவோம்."

"நன்கொடன்னா அடுத்த வருஷம் வகுப்ப மூடுறப்ப இவங்கள ஒரு வார்த்த கேக்க வேண்டியதில்ல. அப்படித்தானே?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகவே உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. தர்மசங்கடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரின்னு வாங்கினா தலைக்கட்டுன்னு ஒத்துக்கணும் டீச்சரம்மா. இவங்க வீட்டுல தலைக்கட்டு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்று வடை சுடுகிறவளைக் காட்டிக் கேட்டார்.

தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது, தலைக்கட்டு என்ற சொல் அவள் கேட்டறியாதது, அதனால் என்ன கேட்கிறார் என்பது பாதிதான் புரிந்தது. என் மருமகளிடம் குனிந்து விசாரித்தாள். என் மருமகள், நல்ல பிள்ளை, மறுபடியும் சொல்லுக்குச் சொல் மாற்றினாள். கௌங்பௌங் எங்கே என்று கேட்கிறார் என்றாள்.

"இந்தா இருக்கே" என்று அவள் பையிலிருந்து எடுத்தாள். கேட்டவர் எட்டத்தில் இருக்கிறார், நன்றாகத் தெரியட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து நின்று அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

பெண்கள் கௌங்பௌங் வைத்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ரோஜா நிறப் பட்டு, பக்கவாட்டில் விறைத்து நிற்கிற முனை, அதற்குக் கீழே கன்னத்தில் தனாகா மரப்பட்டைச் சாந்து பூசிய அவள் முகம். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள். முதலில் சிரித்தது ஆறாவது மாடிக்காரர். பிறகு கூடமே சிரித்தது. தலைவர் துடைத்த கண்ணாடியைப் போடாமலேயே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சரி, இருக்கு. கண்ணால பாத்தாச்சு. வரின்னே எழுதுங்க" என்றார்.

ஒவ்வொரு வீடாக வாசித்து எழுதினார்கள். பெயர் வரும்போது பாயில் இருந்த பெண்கள் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கினார்கள். வடை சுடுகிறவள் கடைசிவரை கௌங்பௌங்கை எடுக்கவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று நான் பாயைச் சுருட்டப் போனபோது தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, நீங்க இன்னும் வரி கட்டலயே?"

இந்த ஊரில் பிறந்து, இதே கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, இதே கூடத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லியிருக்கிறேன். என்னிடம் வரி கேட்ட முதல் ஆள் அவர்தான். பாயைச் சுருட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வெங்காயம் வருதா, வரலயான்னு தெரிஞ்சுக்கிட்டுக் கட்டலாம்னு இருந்தேன்" என்றேன்.

"வெங்காயம் வராது" என்றார் அவர்.

பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மருமகளிடம் கைமாற்று வாங்கி, எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய், என் வீட்டுத் தலைக்கட்டு வரியைக் கட்டினேன்.