பாலத்தின் மேல் பழி

மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்தில், எல்லை ஆற்றை ஒட்டிய பெல்லவிஸ்தா பேட்டையில் ரெஃபுகியோ தலமாந்தெஸ் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். குக்கோ வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

குக்கோவுக்கு ஒரு வித்தை தெரியும். அக்கரையில், அமெரிக்காவில் இருக்கும் எல் பாசோவுக்குப் போக நாலு பாலங்கள். எந்த நேரத்தில் எந்தப் பாலத்தில் எல்லைச் சோதனை வரிசை சின்னது என்று அவர் சொல்லிவிடுவார். காலையில் மொட்டை மாடியில் நின்று ஆற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். ஃபாக்டரிகளில் என்றைக்குச் சம்பளம், அக்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு என்றைக்கு லீவு, எந்தக் கடையில் தள்ளுபடி, எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும். ஐந்தரை மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

"குக்கோ, எட்டு மணிக்கு வேலையில நிக்கணும். எந்தப் பாலம்?"

"சாந்தா ஃபே பக்கம் தலை வெச்சும் படுக்காதே. சரகோசாவுக்குப் போ. இப்பவே போ. பல்லை அங்க போய் விளக்கிக்கோ."

அவர் சொன்னது தப்பியதில்லை. வரிசை நிலவரத்தைச் சொல்ல இப்போது போனிலேயே ஆப் வந்திருக்கிறதே என்று யாராவது சொன்னால், அந்த ஆப் என்றைக்காவது வெயிலில் நின்றிருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார்.

ஊருக்கெல்லாம் வழி சொன்ன இந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை தோறும் எல் பாசோவுக்குத் தாமதமாகப் போனார். ஒரு வருடமாகப் போனார். ஒரு ஞாயிறுகூட நேரத்துக்குப் போனதில்லை.

போனது எலோய்சா அர்மென்தாரிஸைப் பார்க்க. அவளும் கணவனை இழந்தவள், அறுபத்து மூன்று வயது, எல் பாசோவில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவள். இருவருக்கும் அறிமுகம் ஆனதே பாலத்து வரிசையில்தான். எல் பாசோக்காரர்கள் எல்லோரையும் போல அவளும் மலிவாகப் பல் வைத்தியம் பார்க்க ஹுவாரெஸ் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வரிசை இரண்டு மணி நேரம் நகரவில்லை. பாதி வாய் மரத்துப்போயிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. பின்னால் நின்ற குக்கோ இரண்டு மணி நேரமும் பேசினார். இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் பெண்ணை வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை என்று அன்று ராத்திரி கூட்டாளிகளிடம் சொன்னார். அடுத்த வாரம் மரப்பு தெளிந்த எலோய்சாவைப் பார்த்தபோது அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

தாமதத்துக்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"லைன், எலோய்சா. ரெண்டு மணி நேரம். அசையவே இல்ல."

இரு கரையிலும் இந்தக் காரணத்துக்கு மறுபேச்சு கிடையாது. பாதிரியாரே பூசைக்குத் தாமதமாக வந்து பாலத்தின் மேல் பழியைப் போட்டிருக்கிறார், சனங்களும் சிலுவை போட்டுக்கொண்டு மன்னித்திருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் குக்கோ தூங்கிப்போவார். அல்லது தெருமுனையில் டோமினோ ஆட்டம் சூடு பிடித்திருக்கும். அல்லது யாருக்காவது பாலம் சொல்லிக்கொண்டிருப்பார்.

2022 அக்டோபரில் குக்கோ கல்யாணப் பேச்சை எடுத்தார். எலோய்சா உடனே சரி என்று சொல்லவில்லை.

"எங்க அண்ணன்கிட்ட வந்து முறையாக் கேளுங்க" என்றாள்.

"இந்த வயசுலயா?"

"அவருக்கு எழுபத்தெட்டு. அவர் போய்ச் சேர்றதுக்குள்ள கேட்டுடுங்க."

பெண் கேட்கப் போவதென்றால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, கூடை நிறைய இனிப்பு ரொட்டியும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். குக்கோவின் பெரியவர்கள் எல்லோரும் கல்லறையில் இருந்தார்கள். தனியாகத்தான் போக வேண்டும். நவம்பர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, எல் பாசோ நேரம் சரியாக மாலை நாலு மணி என்று முடிவாயிற்று. அதோடு எலோய்சா ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் எனக்குக் காரணம் சொல்லிச் சொல்லியே செத்தாரு. இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது. அன்னிக்குப் பாலம் உங்களைப் பிடிச்சு வெச்சா மன்னிப்பேன். அது உங்க கையில இல்ல. வேற எதனால லேட்டானாலும் வாசலோட திரும்பிடுங்க. அப்புறம் எந்த ஞாயித்துக்கிழமையும் வேண்டாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் குக்கோ தேதியை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருடம் பார்த்து அரசாங்கங்கள் கடிகாரத்தில் கை வைத்தன. வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவது இனி கிடையாது என்று மெக்சிகோ அறிவித்துவிட்டது. எல் பாசோ வழக்கம்போல நவம்பரில் ஒரு மணி நேரம் பின்னால் போயிற்று. ஆக, அந்த மாதம் ஹுவாரெஸில் ஐந்து மணி என்றால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் எல் பாசோவில் நாலு மணி. அம்மாக்கள் பிள்ளைகளை ஒரு மணி நேரம் முன்னதாகப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். வேலைக்குப் போனவர்கள் ஒரு மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஹுவாரெஸ்காரர்கள் போட்ட கூச்சலில் மாதக் கடைசியில் எல்லாம் பழையபடி ஆனது. ஆனால் பதின்மூன்றாம் தேதி அதற்கு முன்னால் வந்துவிட்டது.

குக்கோ அசரவில்லை. "நம்ம மணியில ஒண்ணைக் கழிச்சா அவங்க மணி. இதுல என்ன இருக்கு?" என்று தெருவில் நாலு பேருக்குப் பாடம் எடுத்தார்.

அந்த ஞாயிறு காலையில், சனிக்கிழமையே நின்றுபோயிருந்த கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, போனைப் பார்த்து மணி வைத்தார். தவறு அங்கேதான் நடந்தது. பெல்லவிஸ்தாவில் ஆற்றோரம் குடியிருப்பவர்களின் போன்கள் அவ்வப்போது அக்கரை டவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் அக்கரை மணியைத்தான் காட்டும். அன்றைக்கும் பிடித்திருந்தது. குக்கோ கையில் கட்டிக்கொண்டது எல் பாசோ நேரம். அதை ஹுவாரெஸ் நேரம் என்று நம்பி, அதிலிருந்து இன்னொரு மணியைக் கழிக்கத் தயாரானார்.

பாலத்தில் சோதனை ஆபீசர் முன்னால் நின்று போனை நோண்டக்கூடாது என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். பூவை அந்தப் பக்கம் விடமாட்டார்கள் என்று பூ வாங்கவில்லை. ரொட்டிக் கூடையோடு, கஞ்சி போட்ட சட்டையில், கடிகாரம் மூன்று காட்டியபோது கிளம்பினார். அவர் கணக்கில் எல் பாசோவில் இரண்டு மணி. இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது, பாலம் என்ன செய்துவிடும் என்று நினைத்தார்.

பாலம் ஒன்றும் செய்யவில்லை. சாந்தா ஃபே பாலத்தில் அவருக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். ஒன்பது நிமிடத்தில் அக்கரை.

"எங்க போறீங்க?" என்று ஆபீசர் கேட்டார்.

"பொண்ணு கேக்க."

ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பையனுக்கா?"

"எனக்கு."

ஆபீசர் விசாவைத் திருப்பிக் கொடுத்தார்.

நேரம் நிறைய இருந்ததால் குக்கோ முதலைச் சிலை இருக்கும் பூங்காவுக்குப் போனார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டார். காபி குடித்தார். மாதா கோயில் மணி நாலு அடித்தது. கோயில்காரன் இன்னும் மணியைத் திருப்பி வைக்கவில்லை போலிருக்கிறது என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். பக்கத்தில் இருப்பவரிடம் நேரம் கேட்டிருக்கலாம். ஆனால் ஊரே அவரிடம்தான் நேரம் காலம் கேட்கும், அவர் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. இன்னொரு காபி குடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எலோய்சா வீட்டுக்கு முன்கூட்டியே போகப் போகிறோம் என்று மனசு நிறைந்திருந்தது.

கடிகாரம் நாலு ஐம்பத்தைந்து காட்டியபோது கதவைத் தட்டினார். அவர் கணக்கில் ஐந்து நிமிடம் முன்னதாக.

கதவைத் திறந்தவர் அண்ணன் எவாரிஸ்தோ. ரயில்வேயில் வேலை பார்த்தவர். கோட்டும் டையுமாக, சங்கிலி போட்ட கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்தார். பசியில் முகம் சுருங்கியிருந்தது.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன் சார்" என்று குக்கோ பல்லைக் காட்டினார்.

"எதுக்கு முன்னாடி? அஞ்சு மணிக்கா?" எவாரிஸ்தோ கடிகாரத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

குக்கோ அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் நாலு ஐம்பத்தைந்து. காலையில் போன் காட்டியது எந்தக் கரை மணி என்று அப்போதுதான் உறைத்தது. கூடை கையில் கனத்தது. எலோய்சா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீல கவுன் போட்டிருந்தாள். அதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. இன்றைக்கென்று வாங்கியது என்று புரிந்தபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எவாரிஸ்தோவுக்கு நிபந்தனை எதுவும் தெரியாது. அவருக்குச் சாப்பாடு வேண்டும். "சரி விடுப்பா, பாலத்துல மாட்டிக்கிட்டியாக்கும். லைன் ஜாஸ்தியா? இந்த மாசம் பூரா இப்பிடித்தான். வா, வந்து உக்காரு" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். ஒரு வருடம் காப்பாற்றிய பாலம், இன்னொரு தடவை காப்பாற்றத் தயாராக இருந்தது.

குக்கோ எலோய்சாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"லைன் இல்ல சார்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "பாலம் காலியா இருந்துச்சு. ஒம்பது நிமிஷம். நான்தான் மணியைத் தப்பா வெச்சுட்டேன். நாலு அடிக்கும்போது பார்க்குல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு காபி."

எவாரிஸ்தோ வாயைப் பிளந்தார். பாலம் காலியாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு தாமதமாக வந்தவனை எழுபத்தெட்டு வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

"இன்னிக்கு மட்டும் இல்ல எலோய்சா. இந்த ஒரு வருஷத்துல லைன்ல நான் நிஜமா மாட்டினது பத்துப் பதினோரு வாரம் இருக்கும். மிச்சமெல்லாம் தூக்கம், டோமினோ." அவர் கூடையைப் படியில் வைத்தார். "ரொட்டி இன்னிக்குப் போட்டது. அண்ணன் பசியோட இருக்காரு, குடுங்க. நான் கிளம்பறேன்."

திரும்பி இரண்டு படி இறங்கிவிட்டார்.

"ஏழு வாரம்" என்றாள் எலோய்சா.

குக்கோ நின்றார்.

"பத்தும் இல்ல, பதினொண்ணும் இல்ல. ஏழு." அவள் கவுன் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். "ஒரு வருஷமா அந்த ஆப் இதுல இருக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பார்ப்பேன். பதினஞ்சு நிமிஷம்னு காட்டும். நீங்க வந்து ரெண்டு மணி நேரம்னு சொல்வீங்க. நான் சூப்பைத் திரும்பச் சூடு பண்ணுவேன்."

"ஒரு தடவைகூடக் கேக்கலியே?"

"கேட்டா வர்றதை நிறுத்திட்டா என்ன பண்றது? பொய் சொல்றதுக்காகன்னாலும் பாலத்தைத் தாண்டி வந்தீங்களே. எனக்காக அவ்வளவு தூரம் வேற யாரு வந்தாங்க?" அவள் குரல் லேசாக உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள். "இன்னிக்கும் பார்த்தேன். ஒம்பது நிமிஷம். வந்து என்ன சொல்லப் போறீங்கன்னுதான் ஒரு மணி நேரமா இங்கயே நிக்கிறேன். லைன்னு சொல்லியிருந்தா, சத்தியமா இந்தக் கதவைச் சாத்தியிருப்பேன்."

எவாரிஸ்தோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப நான் பொண்ணைக் குடுக்கணுமா வேண்டாமா? யாராவது சொல்லுங்க."

"அவர் இன்னும் கேக்கவே இல்லண்ணே."

குக்கோ படியேறி வந்து கேட்டார். வரும் வழியில் மனப்பாடம் செய்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "உங்க தங்கச்சியைக் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். எவாரிஸ்தோ கொடுத்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அமெரிக்காவில் தங்க வக்கீல், காகிதம், கைரேகை என்று எத்தனையோ இருக்கிறது. அது வேறு வரிசை. அதற்கு எந்தப் பாலம் என்று குக்கோவுக்கும் தெரியாது.

மேசையில் சிவப்பு மிளகாயில் வெந்த பன்றிக்கறி மூன்றாம் தடவையாகச் சூடாகி வந்தது. எலோய்சா குக்கோவின் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தக் கடிகாரத்தைக் கழட்டுங்க. சரி பண்ணித் தரேன்."

கழற்றிக் கொடுத்தார். அவள் அதைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாள். அண்ணன் கடிகாரத்தோடும் ஒத்துப் பார்த்தாள். பிறகு அவர் கையிலேயே திரும்பக் கட்டிவிட்டாள்.

"இது சரியாத்தான் ஓடுது" என்றாள். "திருத்த வேண்டியது உங்களைத்தான். அது ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போனா நடக்காது. இங்கேயே இருங்க."