தம்பிக்குக் கிடைத்த தலைக்கறி

என் கணவர் தாக், கன்பூசியஸின் நூல்களை மனப்பாடம் செய்து நான்கு முறை நாம்தின் நகரத்துக்கு அரசுப் பதவிக்கான தேர்வெழுதப் போனவர். நான்கு முறையும் நான்தான் சந்தையில் டோஃபு விற்று அனுப்பினேன். நான்கு முறையும் தோற்று வந்தார். அவருடைய தம்பி லுவான் முதல் முறையிலேயே தேறிவிட்டான்.

அதிலிருந்து ஊர்மண்டபத்து விருந்தில் லுவானுக்கு மேல் பாய், இவருக்கு வாசலோரப் பாய். தேர்வில் தேறியவர்களுக்கு மரியாதையாக ஊர் கொடுக்கும் பன்றித் தலைக்கறியில் ஒரு பங்கும் லுவானுக்குத்தான். அவன் மனைவி விசிறியும் கையுமாகத் தெருவில் நடந்தால் எனக்கும் வயிறு எரியும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதல் பங்கு கிடைத்த அன்று, லுவான் அதை வாழையிலையில் பொதிந்து நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். முன்னோர் பீடம் மூத்தவன் வீட்டில்தான் இருக்கும். ஊதுபத்தி ஏற்றி, குடும்பத்துச் சேதியை இறந்தவர்களிடம் சொல்வதும் மூத்தவன்தான்.

"அண்ணே, நான் தேறினதை நீங்கதான் அப்பாகிட்ட சொல்லணும்" என்று கைகட்டி நின்றான்.

"வச்சிட்டுப் போ. சாயங்காலம் சொல்லிக்கிறேன்."

"கறி ஆறிடும்ணே."

இவர் இலையைப் பிரித்தார். கன்னப்பக்கம், நல்ல தடித்த துண்டு. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பத்தி ஏற்றினார். உதடுதான் அசைந்தது, தம்பி பெயர் வரவில்லை. "உங்க மூத்த மகன் கறி கொண்டாந்திருக்கேன்" என்று முணுமுணுத்தது, ஒட்டி நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"சத்தமாச் சொல்லுங்க" என்றேன். "மாமாவுக்கு உசிரோட இருக்கும்போதே காது மந்தம்."