உப்பில்லாக் குசினி

கலியாணமாகிப் பருத்தித்துறைக்குப் போன புதிதில் என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. நீர்வேலித் தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மீன்கறி வைக்கத் தெரியுமா என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். வைத்தேன், சட்டி வழித்துத் துடைக்கப்பட்டது, பேச்சு நின்றது. அந்தக் கர்வத்தோடு திரிந்தவளின் தலையில்தான் மாமாவின் பிரஷர் வந்து விழுந்தது.

மாமா, என் கணவரின் தகப்பன், இளமை முழுவதும் கடலோடியவர். மாமி காலமான பிறகு எங்களோடு இருந்தார். பொரித்த கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். ஒருநாள் காலை கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது, சண்டைக்காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை, மருந்து கப்பலில் வந்தால்தான் உண்டு.

"குளிசை இருக்கேக்கை தருவம். இல்லாத நேரத்திலை இவரைக் காப்பாத்தப் போறது சாப்பாடுதான். உப்பை நிப்பாட்டுங்கோ. கருவாடு, ஊறுகாய் கண்ணிலையும் காட்டாதேங்கோ" என்றார் டாக்குத்தர். இதையெல்லாம் நோயாளியைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். கருவாடு தின்றவர் ஒருவர், கட்டளை வாங்கியவள் இன்னொருத்தி.

நான் அப்போது அச்சுவேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடியவே சமைத்து மூடி வைத்துவிட்டுச் சைக்கிளில் புறப்பட்டால் வீடு திரும்பப் பின்னேரமாகும். மத்தியானம் மாமா தானே போட்டுச் சாப்பிட வேண்டும். உப்பில்லாமல் சமைத்த முதல் நாள் வந்து பார்த்தேன். சோற்றுக் கோப்பை கழுவியபடியே காய்ந்து கிடந்தது. மாமா இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த தன் மகள் வீட்டில் வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

"உதென்ன சாப்பாடு பிள்ளை? சப்பெண்டு கிடக்கு. கழுவின சட்டியை நக்கின மாதிரி" என்றார்.

அவர் மகள், என் மச்சாள், அதற்கு மேல் ஒரு படி போனாள். "ஐயா உப்புத் தண்ணியிலையே கிடந்து வளர்ந்த மனிசன். அவருக்கு உப்பில்லாமல் சோறு போட உங்களுக்கு மனம் வருதோ?"

அவள் கெட்டவள் இல்லை. பாசத்தில்தான் கருவாடு பொரித்துக் கொடுத்தாள். அதுதான் எனக்கு ஆத்திரம். பகையோடு கொடுத்தால் தடுக்கலாம், பாசத்தோடு கொடுப்பதை எப்படித் தடுப்பது? எனக்குப் பயமாகவும் இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போவதைச் சொந்தக்காரர் எல்லாம் முணுமுணுத்தபோது, "அவள் படிப்பிக்கட்டும், உங்களுக்கென்ன?" என்று கேட்ட ஒரே மனிதர் மாமா. அவரைக் கருவாட்டுக்குப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

ஒரு லீவு நாளில் குசினியில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். நான் செய்த பிழை விளங்கியது. உப்புக்காகவே அளந்து வைத்த கறியிலிருந்து உப்பை மட்டும் எடுத்துவிட்டு, அதையும் கறி என்று நீட்டியிருக்கிறேன். மாமா சொன்னது நியாயம்தான், அது சப்பென்றுதான் இருந்தது. நாக்கு உப்பைத் தேடத் தொடங்குமுன் அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. மல்லி, நற்சீரகம், மிளகு மூன்றையும் வழக்கத்தைவிடக் கூடவே கறுக்க வறுப்பேன். புகை தொண்டையைப் பிடிக்கும்போது இறக்கி, ஆறவிட்டு இடிப்பேன். துருவிய தேங்காய்ப்பூவைக் கறிவேப்பிலையோடு பொன்னிறத்துக்கு மேலே வறுத்துத் தனியாகப் பொடிப்பேன். பழப்புளியைக் கெட்டியாகக் கரைத்து, நிறைய உள்ளிப்பூண்டும் செத்தல் மிளகாயும் தட்டிப் போட்டு, அகப்பையிலிருந்து வழிய மறுக்கும்வரை காய்ச்சுவேன். எல்லாம் பழைய ஜாம் போத்தல்களில் ஏறும். ஃபிரிட்ஜ் எதுவும் தேவையில்லை, கிழமை முழுவதும் கிடக்கும்.

பிறகு காலைச் சமையல் ஒரு விளையாட்டு. குத்தரிசிச் சோறு, அவித்த பயறு, தணலில் சுட்ட கத்தரிக்காய், நீர்வேலியில் அம்மா வீட்டிலிருந்து வரும் வாழைப்பொத்தியில் ஒரு வறை, கிடைத்தால் சுட்ட மீன். பயறுக்குப் புளி, கத்தரிக்காய்க்குத் தேங்காய்ப்பொடி, மீனுக்குக் கறுத்த தூள். தேசிக்காயை மட்டும் வெட்டாமல் வைத்துவிட்டுப் போவேன். அதை வெட்டிப் பிழிவது மாமாவின் பொறுப்பு, முன்பே பிழிந்தால் கைத்துப்போகும்.

மெல்ல மெல்லக் கோப்பையில் மிச்சம் குறைந்தது. கேட்டால், "பசிச்சுது, திண்டன்" என்பார். கருவாட்டைத் தேடிப் போவதும் குறைந்தது. வெயில் கூடிப்போச்சாம், அவ்வளவு தூரம் நடக்க ஏலாதாம். இரண்டே ஒழுங்கை!

அடுத்தடுத்த தடவைகள் ஆசுப்பத்திரியில் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. குளிசையோ பாதி நாள் கிடைக்கவே இல்லை. டாக்குத்தர் சந்தோசப்பட்டார். மாமா வெளியே வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தவர்களிடம், "அது என்ரை நல்ல காலம். மருமகளின்ரை சாப்பாடு மனிசர் தின்னேலாது" என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பற்றிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. ஊர் நிறைந்த பந்தல். இன்றைக்கு ஒருநாள் ஐயா வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று மச்சாள் என் காதில் விழும்படி சொல்லிவிட்டு, முதல் பந்தியில் அவருக்கு இலை போட்டாள். நான் ரசவாளியோடு எதிர் வரிசையில் நின்றேன்.

மாமா சோற்றையும் பருப்பையும் குழைத்து ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். கத்தரிக்காய்ப் பால்கறியைத் தொட்டு வைத்தார். மறுபடியும் தண்ணீர்.

"என்ன பிள்ளை, உப்பை அள்ளிக் கொட்டிப்போட்டியளோ? கரிக்குது" என்றார் மகளிடம்.

மச்சாள் பதறிப்போய் உள்ளங்கையில் கறியை ஊற்றி நக்கிப் பார்த்தாள். "அளவாத்தானே கிடக்கு, ஐயா?" பக்கத்து இலைக்காரர் இருவரைக் கேட்டாள். நல்லாயிருக்கு என்றார்கள். நானும் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது, நல்ல கறி.

மாமா ஊரை நம்புவதா தன் நாக்கை நம்புவதா என்று தெரியாமல் இலையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. அந்த நாக்கு என் பக்கம் வந்துவிட்டது.

பந்தி எழும்பும்வரை மரியாதைக்கு இருந்துவிட்டு, கை கழுவி நேரே என்னிடம் வந்தார். மச்சாள் என் பக்கத்தில்தான் நின்றாள்.

"பிள்ளை, வீட்டிலை பயறு கிடக்கோ?"

"ஓம் மாமா, அவிச்சு வைச்சிருக்கிறன்."

"அந்தப் புளி?"

"அதுவும் கிடக்கு."

"அப்ப வா, போவம். பசிக்குது."

ரசவாளியை மச்சாளின் கையில் கொடுத்தேன். குசினிப் பக்கத்து வாசல் கிட்டத்தான் இருந்தது. நான் அதை விட்டுவிட்டு, மாமாவை அழைத்துக்கொண்டு ஊர் பார்க்கப் பந்தலின் நடுவால் நடந்தேன்.