கேஜுக்கு அடியில் வெளிச்சம்

எழுத்துக் கோணலையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். திருப்பதி பழைய இரும்புக் கடையில் வெல்டின் கனம் பார்க்கும் கேஜ் ஒன்றைக் கண்டதும், சித்தூரில் இப்போது இல்லாத எங்கள் பட்டறை நினைவுக்கு வந்தது. பகலெல்லாம் வெல்டு வைத்துக் கண் வீங்கிய நைனா, இமைமேல் உருளைக்கிழங்கு வில்லைகளோடு படுத்திருக்க, அம்மாதான் அந்த மாதிரி கேஜ் தகட்டை வெல்டில் பொருத்திப் பார்ப்பாள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் கனம் போதாது, நைனா மறுபடி எழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் செய்த ஊஞ்சலில் ஒருநாள் வெளிச்சம் தெரிந்தது.

"இன்னாமே, கனம் சரியா கீதா, இல்லியா?" என்றார் நைனா.

"கீது, படுத்துக்கோ."

விடிந்ததும் நைனா சிவந்த கண்ணோடு அதே இடத்தில் வெல்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருநாளும் இவ்ளோ சீக்கிரம் சரின்னு சொல்லமாட்டியே," என்றார்.

அம்மா அவருடைய முகமூடிக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

மாசி பதினொன்று, ஞாயிறு.