பாண்டுப் அரிசி

போன வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில் கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். சிவப்புச் சோளம். "சர்க்கரைக்கு ரொம்ப நல்லதும்மா" என்றார். விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வாங்கியும் தொலைத்தேன். வீட்டில் பிரித்தால் அதே ஈரச் சாக்கு வாசனை. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

யுத்த காலத்தில் தாராவி ரேஷன் கடையில் இதைத்தான் போட்டார்கள். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றது. எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கமும் மழையில்லை. அங்கிருந்து யார் அனுப்புவார்கள்? அரிசி குறையக் குறையச் சோளம் ஏறியது. நான் கல்யாணமாகி வந்த புதுசு. களி கிண்டினால் ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் தண்ணீர். தோல் கிடங்கில் வேலை பார்த்த என் புருஷன், "எங்க தோலு இதவிட மெத்துன்னு இருக்கும்" என்பார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நாங்கள் இருந்தது சால் என்கிற நீளக் கட்டடம்; வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அடுத்த அறை செல்லக்கனிதான் எங்களுக்கெல்லாம் சோறு காட்டியவள். பாண்டுப் அப்போது வயலும் குடிசையும். ரேஷன் எல்லைக்கு வெளியே; அங்கிருந்து அரிசியை உள்ளே கொண்டுவந்தால் போலீஸ் பிடிக்கும். அவள் ரயிலேறிப் போய் அரிசி வாங்கி, சேலைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு சயானில் இறங்குவாள். பிள்ளைத்தாச்சி என்று போலீஸ்காரன் வழிவிடுவான். இடுப்பில் கையை ஊன்றி அவள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! வந்ததும் எல்லாரும் காசு கொடுத்துப் பங்கு போட்டுக்கொள்வோம்.

பிறகு நிஜமாகவே உண்டானாள். பாண்டுப் போவதை நிறுத்தினாள். யார் நம்பினார்கள்?

"இந்தத் தடவ எத்தன படி, செல்லக்கனி?" என்று குழாயடியில் கேட்பார்கள்.

"இது பிள்ளதான் மைனி."

"நாங்க என்ன போலீஸா? எங்ககிட்டயே நடிக்கியே!"

அவளும் கூடச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பே அவளுக்கு எதிராகப் போயிற்று. பாண்டுப் அரிசியைத் தனக்கென்று பதுக்குகிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் என் மாமியாரிடம் வந்து நின்றாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"அத்த, ஒரு ஆழாக்கு அரிசி கடன் குடுங்க. சோளம் வயித்துல தங்க மாட்டேங்கு."

"வயித்துல படிக்கணக்காக் கட்டி வச்சிக்கிட்டு எங்கிட்ட கேக்கியாக்கும்!"

பிள்ளை உதைப்பதை நான் கை வைத்துப் பார்த்தவள். "நெசமாவே பிள்ளதான் அத்த" என்றேன்.

"ஒனக்கு அதுல எம்புட்டுப் பங்கு?" என்றார். அரிசி டப்பாவின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. செல்லக்கனி வெறும் கையோடு போனாள்.

ஏழாம் மாதமே வலி கண்டது. மருத்துவச்சி வெளியே வந்து, "ஒடம்புல ஒண்ணுமில்லயே, எத வச்சு முக்குவா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளையும் தங்கவில்லை, அவளும் தங்கவில்லை.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். எல்லா அறைகளிலிருந்தும் அரிசி வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ! என் மாமியார் பூட்டைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் சிந்தியது, குனிந்து பொறுக்கவில்லை. "எம்மா, தின்னுட்டுப் போளா" என்று கதறினார். வாயில் போட்டது போக முறத்தில் ஒரு படிக்கு மேல் மிச்சம் கிடந்தது. அவள் கேட்டது ஆழாக்கு.

அந்தச் சால் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பாண்டுப்பில் வயல் இருந்தது என்றால் அங்கே இருப்பவர்களே நம்புவதில்லை. என் வீட்டு அரிசி டப்பாவுக்கு இப்போது பூட்டு கிடையாது. ஆழாக்கு அரிசி கடன் கேட்டு வாசலில் வந்து நிற்க ஆளும் கிடையாது.